திறக்காத எக்ஸெல் ஃபைலில் படகுக் கணக்கு

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகுக் கணக்கு பார்ப்பார்கள். டீசல், ஐஸ், ஆட்களுக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் ஒரே எக்ஸெல் ஃபைலில் கிடக்கும். அது திறக்கவில்லையென்றால் முதலில் வேறொரு டிரைவில் பிரதி எடுங்கள். மற்ற வேலையெல்லாம் பிரதியில்தான். ஃபைல் இருக்கும் பென்டிரைவில் புதிதாக எதையும் போடவே கூடாது.

பிரதியை நோட்பேடில் திறந்து பாருங்கள். அளவு சரியாகக் காட்டியும் உள்ளே வெறுமையாக இருந்தால், பெரும்பாலும் சேமிக்கும்போது கரண்ட் போயிருக்கும்: டிஸ்க்கில் இடம் ஒதுக்கியாயிற்று, தரவு எழுதப்படவில்லை. அந்த ஃபைலிலிருந்து எந்த மென்பொருளாலும் எதையும் எடுக்க முடியாது. அதற்குக் காசு கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பிய பிரதியைத் தேடுவதே மேல்.

'பிகே' என்ற இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கினால் நம்பிக்கை உண்டு. (கடவுச்சொல் போட்ட ஃபைலும் பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைலும் அப்படித் தொடங்காது.) எக்ஸெலின் ஓப்பன் பெட்டியில், ஓப்பன் பட்டனுக்குப் பக்கத்து அம்புக்குறியை அழுத்தி 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்' கொடுங்கள். அதிலும் வராவிட்டால், லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள்.

இரண்டும் கைவிட்டால்தான் உள்ளே இறங்க வேண்டும். 2007-ல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவம் உண்மையில் ஒரு ஜிப், அதாவது பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய பொதி. அதன் உள்ளடக்கப் பட்டியல் கடைசியில் இருக்கிறது. காப்பி முடியுமுன் பென்டிரைவைப் பிடுங்கினால் போவது அந்த வால்தான். முன்னால் உள்ள தரவு அப்படியே கிடக்கும். பெயரின் முடிவை ஜிப் என்று மாற்றி 7-ஜிப் என்ற மென்பொருளில் பிரியுங்கள். பிழை காட்டினாலும் பல நேரம் 'எக்ஸ்எல்' ஃபோல்டருக்குள் 'வொர்க்‌ஷீட்ஸ்' வந்துவிடும். ஷீட் ஃபைல் பாதியில் அறுந்திருந்தால், அதை நோட்பேடில் திறந்து, கடைசி அரைகுறை வரியை ('<row' என்று தொடங்கும் துண்டை மட்டும்) அழித்து, ஷீட்டேட்டா, வொர்க்‌ஷீட் இரண்டுக்கும் முடிவுக் குறி (</sheetData></worksheet>) போட்டு மூடுங்கள்.

தேதிகள் எண்ணாகத்தான் இருக்கும்: 45397 என்றால் 2024 ஏப்ரல் 15. பெயர்கள் ஷீட்டில் இருக்காது. 'ஷேர்டுஸ்ட்ரிங்ஸ்' என்ற தனி ஃபைலில் இருக்கும். ஷீட்டில் அதன் வரிசை எண் மட்டும், அதுவும் 0 முதல். எக்ஸெல் இந்த ஃபைலை ஷீட்டுகளுக்குப் பிறகு எழுதுவதால், அறுந்த ஃபைலில் தொகை மிஞ்சி பெயர் போய்விடும். போன மாதப் பிரதியிலிருந்து அந்தப் பட்டியலை எடுத்துப் பொருத்தலாம். ஆனால் சேமிக்கும்போது வரிசை மாறக்கூடும்; ஒருவர் வாங்கிய முன்பணம் இன்னொருவர் தலையில் ஏறிவிடும். ஒவ்வொரு பெயரையும் நோட்டுப் புத்தகத்தோடும் பில்லோடும் ஒத்துப் பார்த்த பிறகே பங்கு பிரியுங்கள்.