இருபத்திரண்டு நிமிடம்

பதிப்பாசிரியர் என்ற சொல்லைக் கேட்டதும் யாழ்ப்பாணத்தில் பலருக்கு நினைவு வருபவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவர் அவர். அவருக்கும் அந்தப் பாடல்களைப் பாடியவர்களுக்கும் இடையில் பல நூற்றாண்டுகள் கிடந்தன. பாடம் பிழைத்திருந்தால் புலவரிடம் போய்க் கேட்க வழியில்லை. என்னுடைய வேலையோ உயிரோடிருக்கும் எழுத்தாளருடன், அதுவும் இன்னும் வராத காலத்தைப் பற்றி எழுதுபவருடன், இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் வாதாடுவது. விஞ்ஞானப் புனைகதைகளையும் மாயம் மந்திரம் நிறைந்த மிகுபுனைவு நாவல்களையும் அச்சுக்கு முன்னர் செம்மைப்படுத்துகிறேன் என்றால், "எழுத்துப் பிழை பார்க்கிறதோ?" என்றுதான் உறவினர் கேட்கிறார்கள்.

அவர்களுக்கு நான் ஜூடி-லின் டெல் ரே என்ற அமெரிக்கப் பெண் பதிப்பாசிரியரின் கதையைச் சொல்வதுண்டு. 1943இல் நியூயோர்க்கில் பிறந்த அவர், பிறவிக் குறைபாட்டினால் மிகக் குள்ளமான உருவம் கொண்டவர். 'கலக்ஸி' என்ற விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகையில் உதவியாளராகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1973இல் பலன்டைன் பதிப்பகத்துக்குப் போனார். இன்னும் திரைக்கு வராத ஒரு விண்வெளிப் படத்தின் நாவல் வடிவத்தை, படத்துக்குப் பல மாதங்கள் முன்னரே, 1976இன் இறுதியில் அவருடைய பதிப்பகம் வெளியிட்டது. மறு ஆண்டு 'ஸ்டார் வோர்ஸ்' வெளியானபோதுதான் அந்தத் துணிச்சலின் பெறுமதி மற்றவர்களுக்கு விளங்கியது. அதே 1977இல் அவர்களுடைய குடும்பப் பெயரிலேயே டெல் ரே என்ற நூல்வரிசை தொடங்கியது. மிகுபுனைவை அவருடைய கணவர் லெஸ்டர் கவனித்துக்கொண்டார். அந்த வெற்றியைப் பார்த்து ஒரே வார்ப்பில் ஊற்றியவை போன்ற மிகுபுனைவுகள் பின்னர் பெருகின என்ற மனக்குறை எனக்கு உண்டு. ஆனால் எது விற்கும் என்பதை ஊகிப்பதும் இத்தொழிலின் பாதி என்பதை மறுக்க முடியாது.

ஜூடி-லினுக்கும் எங்கள் தீவுக்கும் ஒரு தொடுப்பு இருக்கிறது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், 1987இல் வெளிவந்த தம்முடைய '2061' நாவலை அவருடைய நினைவுக்கே சமர்ப்பித்தார். ஒரு டொலர் கொடுத்து இந்த நூலை வாங்கியவர், கொடுத்த காசுக்குப் பெறுமதி கிடைத்ததா என்று அறியாமலே போய்விட்டார் என்பது அச்சமர்ப்பணத்தின் சாரம். 1986 பெப்ரவரியில் அவர் இறந்த பிறகு, அவ்வாண்டின் சிறந்த பதிப்பாசிரியருக்கான ஹியூகோ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. இறந்ததனால் மட்டுமே கொடுக்கப்படும் விருதை அவர் விரும்பியிருக்கமாட்டார் என்று லெஸ்டர் அதை மறுத்துவிட்டார். (அந்த விருதின் பெயரே 1926இல் முதல் விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகையைத் தொடங்கிய ஹியூகோ கேர்ன்ஸ்பாக் என்ற பதிப்பாசிரியருடையதுதான்.)

என்னுடைய வேலை இவ்வளவு பெரியதல்ல. அண்மையில் ஒரு மிகுபுனைவுப் பிரதி வந்தது. நாயகன் யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றுக்குள் இறங்கி, அடியாழத்தில் நல்ல தண்ணீர் குடிக்கிறான். சுண்ணாம்புக்கல்லுக்குள் கிடக்கும் எங்கள் நன்னீர், கடல்நீரின் மேல் மிதக்கிறது. நிலாவரையில் மேலே நன்னீர், ஆழம் போகப் போக உவர். "இது மாயக் கதை அண்ணை, அங்கே எதுவும் நடக்கலாம்" என்றார் எழுதிய தம்பி. எதுவும் நடக்கலாம் என்றால் வாசகர் எதற்காகப் பயப்பட வேண்டும் என்று கேட்டேன். மாயத்துக்கும் ஒரு சட்டம் வேண்டும். அந்த உவரை இனிப்பாக்கியது யார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்று எழுதச் சொன்னேன். மூன்று வாரத்தில் ஒரு புதிய அத்தியாயம் வந்தது. நாவலில் அதுதான் சிறந்தது என்பது என் எண்ணம்.

இன்னொரு பிரதியில் செவ்வாயில் வேலை செய்யும் பேத்தி, சாவகச்சேரியிலிருக்கும் அம்மம்மாவுடன் பக்கத்து வீட்டில் இருப்பவள்போலக் கதைக்கிறாள். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையிலான தூரத்தைப் பொறுத்து, வானொலி அலை ஒரு வழி செல்வதற்கே 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். கதை நடக்கும் நாளுக்கு 11 நிமிடம் என்று கணக்கிட்டு, "சாப்பிட்டியோ பிள்ளை?" என்று அம்மம்மா கேட்டால் பதில் வர 22 நிமிடம் செல்லும் என ஓரத்தில் குறித்தேன். உரையாடலின் உயிர் போய்விடும் என்று எழுத்தாளர் வருந்தினார். போரினால் பாதை அடைபட்டிருந்த காலத்தில் ஒரு கடிதத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்த ஊரில், 22 நிமிடத்தை அந்தக் கிழவிக்கு எப்படிக் கடப்பதென்று தெரியாதா என்று நான் கேட்டேன்.

திருத்தி அனுப்பிய பிரதியில், கேள்வியைக் கேட்டுவிட்டு அம்மம்மா முற்றம் கூட்டுகிறார், கோழிக்குத் தீன் வைக்கிறார், தேநீர் ஊற்றி ஆறவிடுகிறார், பிறகு வந்து திரைக்கு முன்னால் அமர்கிறார். அந்த இடத்தில் ஒரு முழுப் பக்கத்தை வெறுமையாக விடலாமா என்று எழுத்தாளர் நேற்றுக் கேட்டார். கடதாசி விற்கிற விலையில் அரைப் பக்கம் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.