ரேஞ்ச்ஃபைண்டருக்கு 35, எஸ்எல்ஆருக்கு 85

ரேஞ்ச்ஃபைண்டர் (தனிச் சாளரம் வழியே பார்த்து, இரட்டைப் பிம்பத்தை ஒன்றாக்கிக் குவிக்கும் ஃபிலிம் கேமரா), எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமரா) இரண்டும் கையில் இருந்தால், இரண்டுக்கும் 28, 50, 90 மி.மீ. என்று ஒரே லென்ஸ் வரிசையை வாங்கி அடுக்குவது வீண் செலவு. எண் குறைந்தால் காட்சி அகலும், கூடினால் தொலைவில் இருப்பது கிட்டே வரும். எந்தக் கேமராவுக்கு எது எளிதோ அதைக் கொடுங்கள்.

தைப்பூசத்தன்று கோலாலம்பூர் அருகே பத்துமலை முருகன் குகைக்கோயில். காவடியும் எடுப்பவருமாகச் சேர்ந்து மூன்று மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் ஃபிலிமில் கிடைக்கும் உயரம் 36 மி.மீ. அதனால் 35 மி.மீ. லென்ஸில் கணக்குப் போடவே வேண்டாம்: எத்தனை மீட்டர் உயரமோ, அத்தனை மீட்டர் தள்ளி நின்றால் போதும். 50 என்றால் நாலு மீட்டருக்கு மேல் பின்வாங்க வேண்டும். அதற்குள் நடுவில் பத்துத் தலை வந்துவிடும். 35-இன் துவாரத்தை எஃப் 8 அளவில் வைத்து இரண்டு மீட்டருக்குக் குவித்துவிட்டால், ஏறக்குறைய 1.4 முதல் 3.3 மீட்டர் வரை தெளிவாக விழும். பிறகு ஃபோகஸ் வளையத்தைத் தொடவே தேவையில்லை.

ஆனால் உங்கள் ரேஞ்ச்ஃபைண்டரின் பாடியைப் பார்த்து லென்ஸ் வாங்குங்கள். 1954-இல் வந்த லைக்கா எம்3-இல் 50, 90, 135-க்கு மட்டுமே சட்டக்கோடு (படத்தின் எல்லையைச் சாளரத்தில் காட்டும் கோடு) உண்டு. 35 மாட்டினால் மேலே தனி வியூஃபைண்டர் வேண்டும், அல்லது சாளரத்தின் முன் வந்து நிற்கும் கண்ணாடி பொருத்திய 35-ஐத் தேட வேண்டும். அதே லைக்காவின் எம்2-இல் 35-க்குக் கோடு உண்டு. எம்6-இல் 28-க்கும் உண்டு என்றாலும், மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு அந்தக் கோட்டின் ஓரங்கள் சரியாகத் தெரியாது. 135? அதன் சட்டம் நடுவில் தபால்தலை அளவுதான். ஃபோகஸும் எளிதில் தவறும். விட்டுவிடுங்கள்.

எஸ்எல்ஆரில் கதை தலைகீழ். 28 மாட்டினால் வியூஃபைண்டர் திரையில் எல்லாமே தெளிவாக இருப்பதுபோல் தோன்றும். கழுவி வந்த பிறகுதான் குட்டு உடையும். 85, 105-இல் ஃபோகஸ் சேரும் இடம் பளிச்சென்று தெரியும். அதோடு, கிட்டே போகவும் எஸ்எல்ஆர்தான். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையில் மல்லிகை தொடுக்கும் விரல்களை எடுக்க வேண்டுமா? 0.7 மீட்டரோடு நின்றுவிடும் ரேஞ்ச்ஃபைண்டர் 50-இல் படத்தின் அகலம் 43 செ.மீ.; விரலோடு பூக்கூடையும் வந்து உட்காரும். 0.45 மீட்டர் வரை குவியும் எஸ்எல்ஆர் 50-இல் அது 25 செ.மீ.

85-க்கு ஒரு விலை உண்டு. பத்துமலைக் குகைக்குள் 35-ஐ 1/30 நொடி ஷட்டர் வேகத்தில் கையிலேயே பிடிக்கலாம். 85-க்கு 1/125-ஆவது வேண்டும், அதாவது இரண்டு ஸ்டாப் (நாலு மடங்கு) கூடுதல் வெளிச்சம். ஐஎஸ்ஓ 400 ஃபிலிமை 1600 என்று கேமராவில் வைத்து எடுத்து, அதற்கேற்பக் கழுவக் கொடுக்கும்போது அந்த எண்ணை டப்பாவின் மேலேயே எழுதிக் கொடுங்கள்.