ஹீலா செல்லில் ஜீனை அடக்கிய வாரம்

மார்ச் 3, திங்கள்
ஹீலா செல்களுக்கு இன்று எஸ்ஐ-ஆர்என்ஏ (குறிப்பிட்ட ஜீனை அடக்கும் சின்ன ஆர்என்ஏ துண்டு) கொடுத்தாயிற்று. குறி, கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் ஹெச்பிவி-18 வைரஸின் இ6, இ7 ஜீன்கள். 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த இந்தச் செல்கள் இன்னும் பெருகிக்கொண்டிருப்பதற்கு இந்த இரண்டும் பெரிய காரணம். இ7, செல் பிரிவதற்குத் தடைபோடும் ஆர்பி புரதத்தின் கையைக் கட்டிவிடுகிறது. இ6, பழுதான செல்லை நிறுத்தும் அல்லது சாகவைக்கும் பி53 புரதத்தை உண்டாக உண்டாகச் சிதைக்க வைக்கிறது. பி53 ஜீன் பழுதாகவே இல்லை! இ6 அடங்கினால் அது எழுந்து வர வேண்டும். இந்த வேலையில் என்னை இழுத்துப் பிடித்திருப்பது இதுதான்.

மார்ச் 5, புதன்
வெஸ்டர்ன் பிளாட்: புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை, மாதிரிக்கு ஒரு லேன். எந்த ஜீனுக்கும் பொருந்தாத ஆர்என்ஏ கொடுத்த கன்ட்ரோல் லேனில் பி53 கிட்டத்தட்ட இல்லை. இ6, இ7-ஐ அடக்கிய பக்கத்து லேனில் கறுப்பாக, தடிமனாக ஒரு பட்டை. கீழே, அளவு ஒப்பிட வைத்த ஆக்டின் புரதம் எல்லா லேனிலும் சமம். பி53 தூண்டிவிடும், செல் பிரிவை நிறுத்தும் பி21 புரதமும் ஏறியிருக்கிறது. படத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

மார்ச் 6, வியாழன்
எம்டிடி சோதனை: உயிருள்ள செல்கள் சாயத்தை ஊதாவாக மாற்றும். கன்ட்ரோல் குழிகள் அடர் ஊதா, மற்றவை வெளிர். "அக்கா, எல்லாம் செத்துப்போச்சு" என்றாள் ஜூனியர். அவசரப்படாதே என்றேன். செல் செத்தாலும் ஊதா குறையும், சாகாமல் பெருக்கத்தை மட்டும் நிறுத்தினாலும் குறையும். இதை மட்டும் வைத்து 'புற்றுசெல்லைக் கொன்றோம்' என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

மார்ச் 7, வெள்ளி
ஃப்ளோ சைட்டோமீட்டர், செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் கருவி. அப்போப்டோசிஸில், அதாவது தன்னைத்தானே மாய்த்துக்கொள்வதில், இறங்கிய செல், சவ்வின் உள்பக்கக் கொழுப்பு ஒன்றை வெளிப்பக்கம் திருப்பும். அனெக்சின் வி என்ற புரதம் அதில் ஒட்டும். ஒட்டியவை கொஞ்சம்தான். பெரும்பாலானவை உயிரோடு இருக்கின்றன.

மார்ச் 11, செவ்வாய்
வளரவிட்டிருந்த பிளேட்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம். செல்கள் பெருத்து, தட்டையாகப் பரந்து கிடக்கின்றன. முதுமையடைந்த செல்லை நீலமாக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் சாயத்தில் பல செல்கள் நீலம். சரி, முதுமைதான்: பிரியவும் இல்லை, சாகவும் இல்லை. நோயாளி உடம்பில் இது சின்ன வித்தியாசம் இல்லை. முதுமையடைந்த செல் அங்கேயே தங்கி, அக்கம்பக்கத்துச் செல்களைத் தூண்டிவிடும் பொருள்களைச் சுரக்கும்.

அடுத்து சி33ஏ. அதுவும் கருப்பைவாய்ப் புற்றுதான், ஆனால் ஹெச்பிவி கிடையாது. இதே எஸ்ஐ-ஆர்என்ஏ அதை ஒன்றும் செய்யக் கூடாது. அதுவும் வளராமல் நின்றுவிட்டால், இதுவரை பார்த்தது இ6, இ7 அடங்கியதன் விளைவு என்று சொல்ல முடியாது. வியாழனன்று செல் போடுகிறோம்.