கேனில் பெட்ரோல் பிடிக்கும்போது

காங்கேயம், தாராபுரம் பக்கத்துத் தோட்டங்களில் களைவெட்டும் எந்திரத்துக்கும் விசைத்தெளிப்பானுக்கும் வேண்டிய பெட்ரோலை, மொபெட்டின் கால்வைக்கும் தட்டில் இருக்கும் பழைய பிளாஸ்டிக் கேனிலேயே பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது. குழாயில் பாயும் பெட்ரோல் உராய்வினால் மின்னேற்றம் பெறுகிறது. பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாததால் அந்த மின்னேற்றம் தரைக்கு இறங்க வழியின்றித் தேங்கி, குழாயின் உலோக முனை நெருங்கியதும் பொறியாகத் தாவக்கூடும். ஆவி பற்றிக்கொள்ள ஏறத்தாழ 0.25 மில்லிஜூல் ஆற்றலே போதும்; பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து இரும்புக் கதவைத் தொடுகையில் விரலில் சுருக்கென்று தைக்கும் பொறியிலேயே அதைவிட அதிகம் உண்டு. காற்று வறண்டிருக்கும் மாசி, பங்குனியில் ஆபத்து இன்னும் கூடுகிறது. எரிபொருளுக்கென்றே செய்த கேனை, முடிந்தால் உலோகக் கேனை, வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். முனை அதன் வாயைத் தொட்டபடியே இருக்க, மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள்.