சென்னை – பலாலி: வானில் கொஞ்சம், வரிசையில் மீதி

வரைபடத்தில் நேர்கோடு போட்டால் மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குச் சுமார் 355 கிலோமீட்டர்தான். விமான அட்டவணையிலோ ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் போட்டிருப்பார்கள். அம்மாவுக்கு இது புரிவதே இல்லை. "இவ்வளவு கிட்டவா இருக்கிறாய், பிறகேன் இவ்வளவு நேரம்?" என்பார்.

இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72. ஜெட் அல்ல, விசிறி சுழலும் விமானம். வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான். தவிர, அட்டவணை நேரம் என்பது வெறும் பறக்கும் நேரமல்ல. நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் போய் நிற்பது வரை எல்லாமே கணக்கில் சேரும்.

எனக்கு அதில் குறையில்லை. 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகும்வரை கொழும்பு போய் இறங்கி, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தரைவழியே வடக்கு நோக்கித் திரும்பி வந்தவள் நான். பறந்து கடந்த தூரத்தையே பஸ்ஸில் பின்னோக்கி அளப்பது என்ன நியாயம்? பிறகு கொரோனா வந்து பலாலி விமானத்தையும் நிறுத்தியது. 2022 டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கினார்கள்.

போகும்போது வலப்பக்க ஜன்னலைக் கேளுங்கள். இறக்கை மேலே இருப்பதால் பார்வைக்குத் தடையில்லை. வானம் தெளிந்திருந்தால் கோடியக்கரை முனை தெரியும். கடிகாரத்தைத் திருத்த வேண்டாம், இரு பக்கமும் ஒரே நேரம்தான். பலாலியிலிருந்து நகருக்குப் போக வண்டியை மட்டும் முன்கூட்டியே பேசிவைத்துவிடுங்கள்.