கேட்டதைத்தான் கொடுத்தோம்

எங்கள் மென்பொருள் அணியில் பிசினஸ் அனலிஸ்டாகச் சேருகிறவர்களை ஒரு பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம் பார்க்கச் சொல்வேன். 1967இல் வந்த ‘பிடாஸில்ட்’ (Bedazzled). இயக்கியவர் ஸ்டான்லி டோனன். பீட்டர் குக் திரைக்கதை எழுதிச் சாத்தானாகவும் நடித்தார். அவருடைய நகைச்சுவைக் கூட்டாளி டட்லி மூர் கதாநாயகனாக நடித்து, இசையும் அமைத்தார். கிளையன்ட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு ரெக்வயர்மென்ட் எழுதும் வேலையை இந்தப் படம் அளவுக்குப் புரியவைத்த பயிற்சி வகுப்பு எதையும் நான் பார்த்ததில்லை.

லண்டனில் ஒரு விம்பி கடையில் பர்கர் போடுகிறவன் ஸ்டான்லி மூன். அங்கேயே பரிமாறும் மார்கரெட் மேல் அவனுக்குக் காதல். அவளிடம் ஒரு வார்த்தை பேச வராது. தூக்குப் போட்டுக்கொள்ளப் போகிறான், அதுவும் கூடவில்லை. அப்போது சாத்தான் ஜார்ஜ் என்ற பெயரில் வந்து நிற்கிறார். ஏழு வரம் தருகிறேன், பதிலுக்கு ஆன்மா. ஸ்டான்லி கையெழுத்துப் போட்டுவிடுகிறான்.

நன்றாகப் பேசத் தெரிய வேண்டும் என்று கேட்கிறான். பேச்சு கொட்டுகிறது, மார்கரெட் கிடைக்கவில்லை. பணக்காரனாகக் கேட்கிறான். மார்கரெட் மனைவியாகவே வருகிறாள். அவள் ஆசை மட்டும் மற்ற ஆண்கள் மேல். பாப் பாடகனாகிறான். அடுத்து மேடையேறும் பாடகன் யார் மேலும் தனக்கு அக்கறையில்லை என்று பாட, கூட்டம் மொத்தமும் அவன் பக்கம் சாய்கிறது. அந்தப் பாடகனும் சாத்தான்தான்.

இப்படி அடிபட்ட பிறகு ஸ்டான்லி நிதானமாக யோசித்து ஒரு வரம் கேட்கிறான். உலகத்தின் பகட்டு எட்டாத அமைதியான இடம், அங்கே அவளும் நானும் தூய்மையான அன்போடு ஒன்றாக இருக்க வேண்டும். கேட்டது எல்லாமே கிடைக்கிறது. இருவரும் ஒரு மடத்தில் கன்னியாஸ்திரிகளாக இருக்கிறார்கள்! தான் ஆணாக இருக்க வேண்டும் என்று அவன் சொல்லவில்லை.

இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு ஒன்று கேட்பேன்: அதை யார்தான் சொல்வார்கள்? எது இல்லாமல் வேலையே நடக்காதோ, அதுதான் ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட்டில் இருக்காது. கேட்கிறவருக்கு அது மூச்சு மாதிரி. இன்னும் பத்துப் பக்கம் எழுதிச் சேர்த்தாலும் இந்த ஓட்டை அடைபடாது. இரணியன் பகலா இரவா, உள்ளா வெளியா, மனிதனா மிருகமா என்று ஒவ்வொன்றாக யோசித்துத்தானே வரம் வாங்கினான்?

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரிக்கு பில்லிங் மென்பொருள் செய்த கதையை இங்கே சொல்ல வேண்டும். நான் அந்த வேலைக்குள் போனபோது மென்பொருள் ஓடத் தொடங்கிவிட்டது. ‘கடன் வரம்பைத் தாண்டிய பார்ட்டிக்கு பில் விழக்கூடாது’ என்பது அவர்கள் கேட்ட விதி, எங்கள் அணி அப்படியே செய்து கொடுத்திருந்தது. தீபாவளி நெருக்கத்தில் பழைய வாடிக்கையாளர்களுக்கே பில் விழவில்லை. லோடு கட்டிய வண்டிகள் வாசலில் நின்றன. அதுவரை கணக்குப்பிள்ளை முதலாளிக்கு போன் போடுவார், அவர் “போடு, நான் பாத்துக்கறேன்” என்பார், பில் போகும். நீங்கள் ஒப்புதல் கொடுத்து சைன்-ஆஃப் ஆன டாக்குமென்ட்டில் அது இல்லை, சேஞ்ச் ரெக்வெஸ்ட் (மாற்றக் கோரிக்கை) அனுப்புங்கள் என்று பதில் போயிருந்தது. நான் போய் உட்கார்ந்ததும் கணக்குப்பிள்ளை கேட்டார்: “தம்பி, மொதலாளி போன்ல சொல்றது எந்தப் பட்டன்ல இருக்குதுங்க?”

கேட்டதைத்தான் கொடுத்தோம் என்ற பதிலில் பொய் ஏதும் இல்லை. ஜார்ஜும் ஸ்டான்லியிடம் அதையேதான் சொல்கிறார். இத்தனைக்கும் அவர் கொடூரமானவராகத் தெரிவதில்லை. அன்றாடம் அவர் செய்வதெல்லாம் இசைத்தட்டில் கீறல் போடுவது, அகதா கிறிஸ்டி நாவலின் கடைசிப் பக்கத்தைக் கிழிப்பது போன்ற சில்லறைக் கெடுதல்கள். ஸ்டான்லியை அவருக்கு உண்மையாகவே பிடித்திருக்கிறது. ஆனாலும் தொடக்கத்தில் சோதித்துப் பார்க்கக் கேட்ட குச்சி ஐஸையும் ஒரு வரமாகக் கணக்கில் வைக்கிறார். 2000இல் ஹரால்ட் ரேமிஸ் இதே படத்தை மறுபடி எடுத்தபோது நாயகன் டெக் சப்போர்ட்டில் வேலை பார்க்கிறவன், குச்சி ஐஸுக்குப் பதில் பர்கர். அதில் சுயநலமில்லாமல் ஒரு வரம் கேட்டால் ஒப்பந்தமே ரத்தாகிவிடும் என்று ஒரு விதி வருகிறது. கதையை முடிக்க வசதியான வழி, அவ்வளவுதான். பழைய படம் அப்படித் தப்பிப்பதில்லை.

அதில் ஜார்ஜுக்குக் கடவுளோடு ஒரு பந்தயம்: யார் முதலில் பத்தாயிரம் கோடி ஆன்மாக்களைச் சேர்ப்பது. எண்ணிக்கை தாண்டியதும் ஸ்டான்லியின் ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நல்லது செய்த பெருமையோடு சொர்க்கத்துக்குப் போகிறார். உள்ளே விடவில்லை. செய்தது சரி, செய்த நோக்கம் சரியில்லை என்கிறார்கள். அது ஏன் என்று ஜார்ஜுக்குக் கடைசி வரை விளங்குவதில்லை. எல்லா டிக்கும் அடித்து சைன்-ஆஃபும் வாங்கியவர்கள், கிளையன்ட் ஏன் கோபப்படுகிறார் என்று நிஜமாகவே புரியாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த பில்லை வைத்துத்தான் ஒருவர் வண்டியை அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் மனதில் ஏறவே இல்லை.

ஈரோட்டில் லேப்டாப்பைத் திறக்காமல் கணக்குப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவர் போனை எடுக்கும்போதெல்லாம் எதற்கென்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். கடன் வரம்புக்கு மட்டுமில்லை. சாயம் மாறிய சரக்குக்கு, வண்டி வாடகையை யார் தலையில் போடுவது என்பதற்கு, சம்பந்தி வீட்டுக் கடைக்கு என்று வரிசையாக வந்தது. கடன் வரம்பு விதியை எடுக்கவில்லை. ‘முதலாளி அனுமதி’ என்று ஒரு பட்டன் சேர்த்து, அதை அழுத்தினால் அவர் போனுக்குத் தகவல் போகும்படியும், அவர் சரி சொன்னதும் பில் விழும்படியும் செய்தோம். காரணத்தை எழுதும் கட்டத்தைக் கட்டாயமாக்க வேண்டாம் என்று கணக்குப்பிள்ளை கேட்டுக்கொண்டார். அப்படியே விட்டோம்.