நைட் டூட்டியும் 56 ஏபிஓவும்
பீரோவ ஒதுங்க வைக்கும்போது பழைய இன்லேண்ட் லெட்டர் கட்டு ஒண்ணு கெடச்சுச்சு, எல்லாத்துலயும் ஒரே அட்ரஸ், கேர் ஆஃப் 56 ஏபிஓ, அதாவது பட்டாளத்துக்காரங்களுக்கான ஆர்மி போஸ்ட் ஆபீஸ், என் வீட்டு மனுஷன் எந்த மலையில நிக்கிறாருன்னு பொண்டாட்டிக்கே தெரியாது. 1999 கார்கில் சமயம் எனக்கு காரைக்குடில பிரசவ வார்டு, நைட் டூட்டி. ரெண்டு மாசமா லெட்டரே இல்ல. ராத்திரி பூரா அடுத்தவங்க புள்ளைக்கு தொப்புள்கொடிய கிளிப் போட்டுட்டு காலைல யூனிஃபார்மோட எஸ்டிடி பூத் வாசல்ல போயி நிப்பேன், அவருக்கு போன் போட வழியே இல்லன்னு தெரிஞ்சும் (என்ன நெனப்போ!). வீட்டுக்கு வந்தா திண்ணையில ஆச்சி, "இன்னைக்கும் தபால் வரலயேத்தா"ங்கும். நாளைக்கு வரும் ஆச்சின்னுட்டு போயி படுத்துருவேன்.
கடைசில வந்துச்சு. மொத்தம் நாலு வரி, அதுல ரெண்டு வரி ஆச்சி சுடுற கந்தரப்பத்தப் பத்தி 😄